மூக்குத்துண்டு

எங்கள் மண்ணூர்ப் பக்கத்தில் ஆளைப் பார்க்காமலே, வாடையை வைத்து இன்னார் இன்ன கம்பெனி என்று சொல்லிவிடலாம். பஸ்ஸில் ரப்பர் கம்பெனிக்காரன் ஏறினால் டயர் தீய்ந்த வாடை. லேத்துப் பட்டறை ஆள் பக்கத்தில் உட்கார்ந்தால் எண்ணெய். கேன்டீன் பெண்கள் ஏறினால் சாம்பார். யாரும் யாரைப் பார்த்தும் மூக்கைப் பொத்துவதில்லை. அவரவர் சோற்றின் வாசம் அது என்று விட்டுவிடுவோம். இந்தப் பெருந்தன்மைதான் கடைசியில் பூமாரியின் தலையில் வந்து விடிந்தது.

பூமாரிக்குத் தின்னர் வாசம். காரின் முன்விளக்கைச் சுற்றி வருகிற பிளாஸ்டிக் சட்டங்களுக்குப் பெயின்ட் அடிக்கிற ஷெட்டில் அவளுக்கு வேலை. பெயின்ட் அடிக்கும் முன்னால் ஒவ்வொரு சட்டத்தையும் பெயின்டைக் கரைக்கிற தின்னரில் நனைத்த துணியால் துடைத்து லைனில் மாட்ட வேண்டும். ஒரு தூசியோ ஒரு கைரேகையோ இருந்துவிட்டால் பெயின்ட் கொப்புளம் கட்டிவிடும், சூப்பர்வைசர் வாயில் வரக்கூடாத வார்த்தையெல்லாம் வரும். கம்பெனி கொடுக்கிற மாஸ்க் பாதி ஷிஃப்டுக்குக்கூடத் தாங்காது. அதனால் பெண்கள் வீட்டிலிருந்து ஈரிழைத் துண்டு கொண்டுவந்து மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொள்வார்கள். அதற்கு மூக்குத்துண்டு என்று பெயர். வேலை முடிந்ததும் அதே துண்டின் நுனியைத் தின்னரில் முக்கி, விரல்களில் ஒட்டிய பெயின்டைத் துடைத்துவிட்டு, ஈரத்தோடு பிளாஸ்டிக் கவரில் சுருட்டிப் பையில் போட்டுக்கொள்வாள் பூமாரி.

ஞாயிற்றுக்கிழமைகளில் நைட் ஷிஃப்ட் முடிந்து அவள் வீட்டுக்குப் போவதில்லை. ஒரகடம் தாண்டி வாலாஜாபாத் ரோட்டில் இருக்கிற இல்லத்தில் அவளுடைய மகன் மணிகண்டபிரபு இருந்தான். கோர்ட்டு அனுப்பிய பிள்ளைகளை வைத்துப் போதைப் பழக்கத்துக்கு வைத்தியம் பார்க்கிற இடம் அது. பெற்றவர்களைக் காலையில் மட்டும்தான் உள்ளே விடுவார்கள். குளித்துக் கிளம்பினால் பஸ் போய்விடும். அதனால் வேலை செய்த சேலையோடு, மேலே போட்ட பழைய ஆம்பிளைச் சட்டையோடு அப்படியே ஒரகடம் கூட்டுரோட்டில் வந்து நிற்பாள். புருஷன் கொம்பையா தூக்குவாளியோடு காத்திருப்பான்.

கொம்பையாவுக்கு ஒரு குடோனில் செக்யூரிட்டி வேலை. புருஷனும் பெண்டாட்டியும் கழுகுமலைப் பக்கத்துத் தீப்பெட்டி ஆபீஸ் வேலையை விட்டு இங்கே வந்தபோது பிரபு கைப்பிள்ளை. வீட்டில் சமையல் கொம்பையாதான். பூமாரி அடுப்பில் எதை வைத்தாலும் தீய்ந்து புகை கிளம்பிய பிறகுதான் இறக்குவாள். "மூக்க எங்கன அடகு வச்ச?" என்று கேட்பான். அவளும் சிரித்துவிடுவாள்.

அன்றைக்கும் தூக்குவாளியில் புளியோதரையும் அவித்த முட்டையும் இருந்தன. கார்த்திகை மழை விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது.

"ஏட்டி, மூஞ்சியாவது கழுவுனியா?"

"கழுவுனேன். பிள்ளயப் பாக்கதான போறோம், பொண்ணு பாக்கவா போறோம்?"

"என்னமோ போ. நானும் குளிச்சு, துன்னூறு பூசி, பவுடர் போட்டு வாரேன். அந்தப் பய என்னைய ஏறிட்டுப் பாக்கமாட்டான். நீ இந்தக் கோலத்துல போயி நிக்கே, ஓடி வந்து கட்டிக்கிடுதான்."

"பெத்தவ வேற, பீடி குடிக்கவன் வேற."

சொல்லும்போதே அவள் முகம் மலர்ந்தது. இந்த ஆறு மாதத்தில் அவளுக்கு வாய்த்த ஒரே பெருமை அது.

பிரபு செய்த காரியம் சின்னக் காரியமில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். இருங்காட்டுக்கோட்டை சர்வீஸ் ரோட்டில், வேலை முடிந்து போனில் பேசிக்கொண்டே நடந்துபோன ஒரு ஜார்கண்ட் பையனிடம், பைக்கின் பின்னால் உட்கார்ந்திருந்த பிரபு போனைப் பறித்தான். அந்தப் பையன் விடவில்லை. பைக் அவனை இழுத்துக்கொண்டே போனது. இடுப்பெலும்பு முறிந்து, ஊருக்கு அவனைத் தூக்கிக்கொண்டுதான் போனார்கள். கூட இருந்த இரண்டு பேரும் பெரியவர்கள், ஜெயிலுக்குப் போனார்கள். பிரபுவுக்குப் பதினாறு வயது. சம்பவத்தன்று தின்னரை மோந்து நிதானமில்லாமல் இருந்தான் என்று தெரிந்ததும், பிள்ளைகளுக்கான கோர்ட்டு ஆறு மாதம் இங்கே வைத்திருக்கச் சொன்னது. எங்கே பழகினாய் என்று கேட்டதற்குப் பஞ்சர் கடையில் என்று சொன்னான். பூமாரி அந்தக் கடை வாசலில் மண்ணை வாரித் தூற்றிவிட்டு வந்தாள்.

இல்லத்தின் வாசலில் நாகப்பன் சோதனை போட்டார். உள்ளே பிள்ளைகளைக் கவனித்துக்கொள்கிறவர் அவர்தான். முட்டைக்குள் மாத்திரை வைத்துக் கொண்டுவந்தவர்களைப் பார்த்தவர், அதனால் முட்டையையே இரண்டாக அறுத்துப் பார்ப்பார். மூக்குத்துண்டையும் கவரிலிருந்து எடுத்து உதறிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அந்த வாடை அவர் மூக்கில் ஏறாமலா இருந்திருக்கும்? பெயின்ட் கம்பெனி அம்மா, பெயின்ட் வாடை. எங்கள் பக்கத்துப் பெருந்தன்மை.

பிரபு தகரக் கொட்டகைக்கு ஓடிவந்தான். அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு மூச்சை இழுத்து இழுத்து விட்டான். அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"எய்யா, மெலிஞ்சிட்டியே. சோறு திங்கியா இல்லயா?"

"திங்கேன். துண்டு கொண்டாந்தியாம்மா?"

"கொண்டாந்தேன். ஈரமாக் கெடக்கு ராசா. கொடியில போட்டுட்டு…"

"வேண்டாம், கவரோட குடு. ஒன் வாசம் போயிரும்."

நாகப்பன் கேட்டுக்கொண்டே வந்தார். "இன்னாம்மா, உன் புள்ள அந்த துண்டு இல்லாங்காட்டி தூங்கவே மாட்டேங்கிது. நானும் எத்தினி வருசமா இங்க கீறேன், இப்டி ஒரு அம்மா புள்ளய பாத்ததே இல்ல."

கொம்பையா புளியோதரையைத் தட்டில் வைத்தான். பிரபு கவரை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு சாப்பிட்டான்.

கிளம்பும்போது ஆலோசகர் சுபஸ்ரீ கூப்பிட்டாள். சின்ன வயதுப் பெண். பிள்ளைகளோடு தினமும் உட்கார்ந்து பேசுகிறவள்.

"அம்மா, அடுத்த ஞாயிறு தாண்டி வியாழக்கிழமை கோர்ட். ஆறு மாசம் முடியுது. வீட்டுக்கு அனுப்பலாம்னுதான் ரிப்போர்ட் எழுதறேன்."

பூமாரி கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ஐயோ, கும்பிடாதீங்கம்மா. அவன் நல்லாத்தான் இருக்கான். வெள்ளி, சனி மட்டும் எரிச்சலா இருப்பான், தலை வலிக்குதும்பான். நீங்க வந்துட்டுப் போனா சரியாயிடறான். அம்மாவோட பாசம்தான் அவனுக்கு மருந்துன்னே எழுதியிருக்கேன். ஆனா வீட்ல அவனோட யார் இருப்பா? ஹவுஸ் ஓனர் ஒத்துக்குவாங்களா? அதைக் கோர்ட்ல கேப்பாங்க."

"கேட்டுட்டு வாரேன் டீச்சர். கால்ல விழுந்தாவது கேட்டுட்டு வாரேன்."

பஸ்ஸில் அந்த ஒரு வரியைப் பூமாரி திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள். பாசம்தான் மருந்து. கொம்பையா, "சரி, எனக்குக் காது கேக்கு" என்றான். அவனுக்கும் கண் கலங்கித்தான் இருந்தது.

அவர்கள் குடியிருந்த லைன்வீட்டுக்குச் சொந்தக்காரி மரகதம். கம்பெனிக்கு நிலம் கொடுத்த குடும்பம். மிச்சமிருந்த மனையில் வரிசையாக ரூம் கட்டி வாடகைக்கு விட்டிருந்தாள். ஒரு மாடு மட்டும் இன்னும் வைத்திருந்தாள். பூமாரி போனபோது தவிடு கரைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பிரபு வந்துருவான் போல இருக்கு."

"எங்க?"

"இங்கனதான். வீட்டுக்கு."

மரகதம் கையை உதறிவிட்டு நிமிர்ந்தாள். "இன்னா பூமாரி, வெளாடுறியா? போலீசு வந்து வாசல்ல நின்னப்ப என் மருமவ ஒரு வாரம் சோறு துன்னல. ரூம்ல கீற பசங்க அல்லாரும் காலி பண்ணிகினு போறோம்னு நின்னானுங்க."

"தெரியும்க்கா. இப்ப மாறிட்டான். டீச்சரம்மாவே சொல்லுதாக."

"அங்க கீற வரிக்கும் அல்லாரும் அப்டித்தான் இருப்பானுங்க. இங்க வந்தா அந்த பஞ்சர் கட பசங்க மறுபடி இட்டுகினு போவானுங்க. நீ வேலைக்கு போவியா, அவன் பின்னால சுத்துவியா?"

"பகல் ஷிஃப்ட்டு கேட்டிருக்கேன். அவனையும் தையல் கிளாசுக்கோ எதுக்கோ அனுப்பிருவோம். ராத்திரி நான் வீட்டுல இருப்பேன். கண்ணுல வச்சுப் பாத்துக்கிடுதேன்க்கா."

மரகதம் மறுபடி குனிந்து தவிட்டைக் கலக்கினாள். "நெலம் வித்த துட்டு வந்தப்ப எம் புள்ளயுந்தான் குடிச்சிட்டு அந்த சாக்கட மோரிகிட்ட விழுந்து கெடந்தான். அவன இன்னா வெரட்டியா வுட்டேன்? சரி, வரட்டும். ஆனா ஒரு பேஜாரு வந்துச்சு, நானே உன் சாமான தூக்கி ரோட்ல வெச்சுடுவேன், சொல்ட்டேன்."

"ஒண்ணும் வராதுக்கா."

"இன்னொண்ணு. அந்த துண்ட எந் தொட்டியாண்ட வெச்சு அலசாதன்னு எத்தினி தபா சொல்றது? மாடு மோந்து பாத்துட்டு தண்ணி குடிக்காம மூஞ்சத் திருப்பிக்கினு நிக்குது."

"சோப்புப் போட்டு அலசுததுதான அக்கா? ஒரு வாடையும் இல்லயே."

"உனுக்கு இல்ல. மாட்டுக்குக் கீது."

அந்த வாரம் முழுக்க மழை அடித்தது. ஏரி நிரம்பி, சனிக்கிழமை ஷெட்டுக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் வந்து லைனை நிறுத்திவிட்டார்கள். பூமாரிக்கு லீவு. சனிக்கிழமையே குன்றத்தூர் மலையேறி முருகனைக் கும்பிட்டுவிட்டு வந்தாள். ஞாயிறு காலையில் சீயக்காய் தேய்த்துக் குளித்து, ஊர்க் கோயில் கொடைக்கு எடுத்த மஞ்சள் சேலையைக் கட்டி, பூ வைத்துக்கொண்டாள். லீவு நாளில் வழக்கமாக வருகிற தலைவலி அன்றைக்கும் மண்டையை இடித்தது. ஷெட்டில் எல்லாப் பெண்களுக்கும் அப்படித்தான். வேலைக்கு வந்து லைனில் நின்றால் தெளிந்துவிடும். பிள்ளை துண்டு கேட்பானே என்று இன்னொரு மூக்குத்துண்டை விசேஷமாக மூன்று தண்ணீர் அலசி, அடுப்பு மேலே காய வைத்து, மடித்து எடுத்துக்கொண்டாள்.

"இன்னைக்குத்தான் பொண்ணு பாக்கப் போற மாதிரி இருக்கு" என்றான் கொம்பையா.

பிரபு வழக்கம்போல ஓடிவந்து கட்டிக்கொண்டான். முகத்தைத் தோளில் புதைத்தான். மூச்சை இழுத்தான். கழுத்தோரம் மோந்தான், பிறகு சேலைத் தலைப்பை. அவன் கைகள் மெல்லத் தளர்ந்தன.

"வேலைக்குப் போகலயாம்மா?"

"ஷெட்டுக்குள்ள தண்ணி வந்துட்டுய்யா. லீவு."

"துண்டு?"

எடுத்துக் கொடுத்தாள். விரித்து மூக்கில் அழுத்தியவன் சட்டென்று எடுத்துவிட்டான். "இது இல்ல."

"எந் துண்டுதாம்லே. தொவச்சுக் கொண்டாந்தேன்."

"எதுக்குத் தொவச்ச?"

கொட்டகையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினான். அவள் பையைப் பிடுங்கிக் கவிழ்த்தான். சீப்பு, துன்னூற்றுப் பொட்டலம், பஸ் டிக்கெட் எல்லாம் ஈரத் தரையில் விழுந்தன. மழைக்குளிரில் அவன் நெற்றியெல்லாம் வேர்வை. "கவராவது கொண்டாந்தியா? அந்தப் பழைய கவராவது குடும்மா."

கொம்பையா அவன் தோளைப் பிடித்து அமுக்கினான். எட்டிப் பார்த்த நாகப்பனிடம், "ஒண்ணுமில்ல சார், வீட்டுச் சண்ட சடவு" என்றான். பிரபு தரையில் உட்கார்ந்து முழங்காலில் தலையை இடித்துக்கொண்டு அழுதான்.

பூமாரிக்குத் தன் மண்டையை இடிக்கிற வலி ஞாபகம் வந்தது. வெள்ளியும் சனியும் பிள்ளைக்குத் தலை வலிக்கும் என்று டீச்சர் சொன்னது ஞாபகம் வந்தது. யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவன் எதிரில் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"எய்யா, எங்கன பழகுன இத?"

"பஞ்சர் கடயில."

"எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

அவன் பார்க்கவில்லை. "வீட்டுலதான். நைட் ஷிஃப்ட் பாத்துட்டு வந்து பகல்ல ஒறங்குவேல்லா. அப்ப தலமாட்டுல துண்டு கெடக்கும். ஆறாப்பு படிக்கையில. மொதல்ல ஒன் வாசம்னுதாம்மா மோந்தேன்."

கொம்பையா சுவரில் சாய்ந்துவிட்டான்.

"ஜட்ஜம்மா கேக்கையில பஞ்சர் கடன்னு சொன்னேன்" என்றான் பிரபு. "ஒன்னையச் சொல்லுவனாம்மா?"

அவள் அவன் தலையைத் தடவப் போனாள். அவன் தலையை நகர்த்திக்கொண்டான்.

கொம்பையா அவளைக் கொட்டகைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனான். தகரத்தில் மழை இரைந்துகொண்டிருந்தது.

"வாய மூடிட்டு வா. வியாழக்கிழம கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போயிருவோம். நீ நாளைக்கே அந்த வேலய விட்டுரு. வேணும்னா ஊருக்கே போயிருவோம்."

"ஊருக்குப் போனா அவன் மூக்கு இங்கனயே கெடக்குமா?"

"பின்ன என்ன செய்யச் சொல்லுத?"

"டீச்சர்ட்ட சொல்லப் போறேன்."

"கிறுக்கு பிடிச்சிருக்கா ஒனக்கு? இன்னும் நாலு நாளுட்டி. நாலு நாள்ல பிள்ள வீட்டுல இருப்பான்."

"ஆறு மாசமா அவன் ஒரு வாரங்கூட விடலங்க. வாரா வாரம் நாமதான் கொண்டு குடுத்திருக்கோம். வைத்தியம் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. இப்படியே கூட்டிட்டுப் போனா, இன்னொருத்தி பிள்ளயவும் ரோட்டுல இழுத்துட்டுப் போவான்."

"ஒன்னயத்தான் பழி சொல்லுவாக. பெத்த தாயே கொண்டு குடுத்தான்னு எழுதுவாக."

"எழுதட்டும்."

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் சுபஸ்ரீயின் அறைக்குள் போனாள். கொம்பையா மழையிலேயே நின்றான். உள்ளே பூமாரி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். துண்டு, கவர், பகல் தூக்கம், ஆறாம் வகுப்பு, ஒன்றையும் விடவில்லை. சுபஸ்ரீ மேஜையில் இருந்த ரிப்போர்ட்டை எடுத்து அந்த வரியைப் பார்த்தாள்.

"நான்தாம்மா அதைப் பாசம்னு எழுதினேன்" என்று சொன்னாள். அவளுக்கும் அழுகை வந்துவிட்டது.

வியாழக்கிழமை கோர்ட்டில் ஜட்ஜம்மா பூமாரியைத் திட்டவில்லை. தெரியாமல் நடந்தது, தானே வந்து சொல்லியிருக்கிறாள் என்றுதான் சொன்னார். சிகிச்சை முதலிலிருந்து மறுபடி ஆறு மாதம். பார்க்க வருகிறவர்கள் குளித்து, சுத்தமான துணியில் வர வேண்டும், வெளியிலிருந்து எதையும் கொடுக்கக் கூடாது. திட்டியிருந்தால் பூமாரிக்குத் தேவலாம்போல இருந்தது.

வெளியே வேனில் ஏற்றும்போது பிரபு அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

"நீயா சொன்ன?"

"ஆமாய்யா."

வேன் கிளம்பி ரோடு திரும்புகிறவரை அவன் தலை திரும்பவே இல்லை.

பூமாரி ஷெட்டை விட்டுவிட்டாள். ஒரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்குகிற வேலைக்குச் சேர்ந்தாள். அந்த ஞாயிறு குளித்து, வெளுத்த பருத்திச் சேலை கட்டி, தலையில் பூ வைத்து, வெறுங்கையோடு கொட்டகையில் போய் உட்கார்ந்தாள். மற்ற பிள்ளைகள் எல்லாம் வந்து அவரவர் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். பிரபு வரவில்லை. கொம்பையா எழுந்து எழுந்து எட்டிப் பார்த்தான். நேரம் முடிகிற சமயத்தில் நாகப்பன் ஒரு கட்டைப்பையோடு வந்தார்.

"வர மாட்டேங்கிதும்மா. ரெண்டு தபா கூப்ட்டுப் பாத்தேன். ராத்திரி பூரா வாந்தி. ஒடம்பு முறுக்குதுன்னு அழுவுது. டாக்டர் வந்து ஊசி போட்டுட்டுப் போயிருக்காரு. சரியாயிடும், நீ பயப்படாத."

பூமாரி தலையை ஆட்டினாள்.

"இத்த நீயே எடுத்துகினு போயிடு. புள்ள கட்டிலாண்ட சுவத்துல ஒரு பொந்து கீது, அதுல சொருகி வெச்சிகினு இருந்திச்சு. ஒவ்வொரு துண்டயும் கவர்ல போட்டு காத்துகூடப் போவாம கட்டி வெச்சிருக்குது. பழசுல வாட கொறஞ்சிட்டா அதுக்குப் பத்தல போல, அதான் புதுசுக்கு ஏங்கிச்சு. மேடம் எரிச்சுடச் சொன்னாங்க. இத்தப் போயி எங்கம்மா கொளுத்துறது, குப்புனு புடிச்சிக்கும்." தயங்கி நின்றார். "எனுக்கு வாட தெரிஞ்சிச்சும்மா. கம்பெனி வாடதானேன்னு வுட்டுட்டேன். நானும் நாலு புள்ளயப் பெத்தவன்."

பஸ்ஸில் ஜன்னலெல்லாம் மழைக்காக மூடியிருந்தது. பூமாரி கட்டைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கவரின் முடிச்சை அவிழ்த்தாள். அவளுடைய துண்டுதான், நுனியில் பெயின்ட் கறையோடு. பிரபு செய்ததுபோல முகத்தில் அழுத்தி மூச்சை இழுத்தாள். ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு கவரை அவிழ்த்தாள். மறுபடி இழுத்தாள்.

"இஞ்சேருங்க, இதுல வாட அடிக்கா?"

கொம்பையா முகத்தைத் திருப்பிக்கொண்டான். "மண்டயக் கிறுக்குது. கட்டி வையிட்டி. ஒனக்கு அடிக்கலயா?"

அவள் தலையில் வைத்த பூவை எடுத்து மோந்து பார்த்தாள். அதிலும் ஒன்றும் இல்லை. அடுப்பில் வைத்ததெல்லாம் தீய்ந்தது, மாடு தண்ணீர் குடிக்காமல் நின்றது எல்லாம் நினைவுக்கு வந்தன. எந்த வருஷம் மூக்கு செத்துப்போனது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"எனக்கு ஒண்ணுமே தெரியலங்க" என்றாள். "எம் பிள்ள இத்தன நாளா எதப் பிடிச்சிட்டு ஒறங்குனான்னு ஒரு தடவ தெரிஞ்சிட்டாப் போதும்."

பின்னாலிருந்து கண்டக்டர் கத்தினார். "யாரும்மா அது, தின்னர் டப்பா வெச்சிகினு கீறது? பஸ்ஸு பூரா நாறுது. எடுத்து கீழ போடலன்னா அடுத்த ஸ்டாப்ல எறக்கி வுட்ருவேன்."

பஸ்ஸில் இருந்த எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் பார்த்தார்கள். கொம்பையா தலையைக் குனிந்துகொண்டான். பூமாரி துண்டில் முகத்தைப் புதைத்து, இன்னொரு தடவை மூச்சை இழுத்தாள்.